தலைவரின் தாடையில் நடந்த போர்

கீழ்வரிசைப் பற்கள் பளபளக்க இந்த மேடையின் நடுவே வீற்றிருக்கும் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் பெருமைமிகு தலைவர் அவர்களே! அந்தப் பளபளப்பைப் படைத்தவர், பல்செட் செய்யும் பட்டறையின் பேரரசி, எங்கள் பாசத்துக்குரிய பல்லக்கா அவர்களே! பகடையை உருட்டிப் பகைவரைப் பதறவைக்கும் கணக்கு டீச்சர் அவர்களே! முழங்கால் வலியை வீட்டிலேயே விட்டுவிட்டு முகமலர்ச்சியோடு வந்திருக்கும் பெரியோர்களே! காலியான முட்டை அட்டையைக்கூட எங்களுக்காகக் கட்டிலுக்கு அடியில் காப்பாற்றி வைக்கும் தாய்மார்களே! அதை ஏன் காப்பாற்றினாய் என்று அவர்களோடு தினமும் வாதாடித் தோற்கும் தந்தைமார்களே! கதவோரம் நின்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் என் அருமை மச்சானே! உங்கள் அனைவருக்கும் இந்தச் சித்தப்பனின் மலையளவு வணக்கம். தெர்மோகோல் மலைதான், ஆனாலும் மலை மலைதானே!

என்ன அங்கே சத்தம்? "சுருக்கமாப் பேசுங்க சித்தப்பா"வா? தம்பி, உலக வரலாற்றை மாற்றிய ஒரு போரைச் சுருக்கமாகச் சொல்லச் சொல்கிறாயே, நியாயமா? சரி, சுருக்குகிறேன். நீ போய் உட்கார்.

போர் என்றதும் புதிதாக வந்தவர்கள் பதறவேண்டாம். எங்கள் போர் மேஜை மேல் நடக்கும் போர். எங்கள் வீரர்கள் கட்டைவிரல் உயரம். அவர்கள் நடக்கும் தூரத்தை அளக்க ஓர் இஞ்ச் டேப். அவர்கள் தலைவிதியை எழுத ஒரு பகடை. அவ்வளவுதான் எங்கள் ராணுவத் தளவாடம். ஆனால் அன்பர்களே, படை இருந்தால் போதுமா? பாய்ந்து ஏற மலை வேண்டாமா? பதுங்கி நிற்கப் பாறை வேண்டாமா? முற்றுகையிடக் கோட்டை வேண்டாமா? இதெல்லாம் கடையிலே கிடைக்கிறது. விலையைக் கேட்டேன். அந்த விலைக்கு நிஜமான மலையே தருவார்கள், அடிவாரத்தில் வீடும் கட்டித் தருவார்கள்!

எனவே நாங்களே படைத்தோம். இயற்கை ஒரு மலையைப் படைக்க எத்தனை கோடி ஆண்டுகள் எடுத்துக்கொண்டது? என் மச்சான், பேருந்து ஓட்டிவிட்டுக் களைத்து வந்து, காப்பி ஆறுவதற்குள் படைப்பான்! குளிர்சாதனப் பெட்டிக்கு முட்டுக்கொடுத்த தெர்மோகோலை அறுத்தான், குன்றானது. பாத்திரம் தேய்த்துத் தேய்ந்துபோன பச்சை நாரைப் பிய்த்தான், வேலியானது. தின்று தீர்த்த மாத்திரை அட்டையைக் கவிழ்த்தான், கோட்டைக் கூரையானது. வடிகட்டிய தேயிலைத் தூளைக் காயவைத்துப் பசைமேல் தூவினான், காட்டுத் தரையானது. அறுந்துபோன செருப்பின் அடிப்பாகத்தை என்றைக்காவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? அந்த வரிவரியான பள்ளங்களைப் பார்த்திருக்கிறீர்களா? அது செருப்பா? இல்லை! உழுதுபோட்ட வயல்!

என்னங்கம்மா கேட்கிறீர்கள்? ஆமாம், கழுவிவிட்டுத்தான்.

இந்த இடத்திலே ஓர் எச்சரிக்கை. தெர்மோகோல் மேல் நேரடியாக ஸ்ப்ரே பெயிண்ட் அடித்துவிடாதீர்கள். முதலில் பசையைப் பூசிக் காயவிடுங்கள். இல்லையென்றால் மலை உருகிவிடும். கொதிநீரில் போட்ட வெல்லம்போல ஒரு மலைத்தொடரே என் கண்ணெதிரே கரைந்ததைப் பார்த்தவன் நான். அந்தச் சோகத்தை இந்த மகிழ்ச்சியான நாளில் விவரிக்க விரும்பவில்லை.

இத்தனையும் எங்கே நடந்தது? இந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்து அறையில். மோட்டார் ஓடினால் எங்கள் நிலப்பரப்பு முழுவதும் நிலநடுக்கம்! ஆனாலும் அது எங்கள் சாம்ராஜ்யம். அந்த அறையின் வாசலில் ஒருநாள் இதோ இந்தத் தலைவர் வந்து நின்றார். அன்று அவருக்குக் கீழ்வரிசையின் முன்பக்கத்தில் பல் கிடையாது. ஆனால் கோபம் இருந்தது. முட்டை அட்டையைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"இது என்ன ரூமா, குப்பைத்தொட்டியா? ஞாயித்துக்கிழமை வருவேன். பூட்டோட வருவேன். அதுக்குள்ள காலி பண்ணிடுங்க."

சொன்னால் சொன்னதுதான். சங்கத்தின் ஏகமனதான தீர்மானத்தையே ஒற்றை ஆளாக நின்று மாற்றியவர் அவர். அறை போனால் நாங்கள் எங்கே போவோம்? என் வீட்டுக்கா? ஒருமுறை என் சோற்றில் ஒரு தெர்மோகோல் உருண்டை கிடைத்த நாளிலிருந்து, வாசலிலேயே நிற்கவைத்து என்னை உதறிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறாள் என் மனைவி!

"மாமா, கடைசிப் போர்னா அது பெரிய போரா இருக்கணும்," என்றான் மச்சான். "இதுவரைக்கும் யாரும் பாக்காத மலை ஒண்ணு வேணும்."

மலை தேடி அவன் போன இடம் பல்லக்காவின் பட்டறை. அங்கே வாய்க்குள் பசை வைத்து அளவெடுத்து, அதில் வெள்ளைச் சாந்தை ஊற்றித் தாடை அச்சு வார்ப்பார்கள். பல்செட் செய்து முடிந்தபின் அந்த அச்சு பழசாகிவிடும். "மேஜைக்கு அடியில இருக்கிற பெட்டியை எடுத்துக்கடா, அதெல்லாம் தூக்கிப் போடுறதுதான்," என்று அக்கா சொன்னார். மேஜைக்கு அடியில் என்றார், அன்பர்களே! ஆனால் மச்சானின் கண் மேஜைக்கு மேலே போனது. அங்கே தனியாக ஒரு கீழ்த்தாடை. இருபுறமும் செங்குத்தான சிகரங்கள். நடுவிலே ஒரு கணவாய்! எதிரிப்படை நுழைய அதைவிட்டால் வேறு வழியில்லாத, அற்புதமான, அபாயமான கணவாய்! இவ்வளவு அழகான பள்ளத்தாக்கை யாரும் வேண்டுமென்று வைத்திருப்பார்கள் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. எடுத்தான், ஒட்டினான், சாம்பல் நிறம் பூசினான், தேயிலைத் தூளைத் தூவினான்.

ஞாயிறு வந்தது. போர் மூண்டது. கணக்கு டீச்சரின் வில்லாளி கணவாய்க்கு இந்தப் பக்கம்; மச்சானின் தளபதி அந்தப் பக்கம். எங்கள் விதி ஒன்று உண்டு: பொம்மையின் கண்ணுக்குத் தெரிந்தால்தான் அம்பு விடலாம். தெரிகிறதா என்று எப்படி அறிவது? கன்னத்தை மேஜையில் வைத்து, ஒற்றைக் கண்ணை மூடி, பொம்மைக்குப் பின்னாலிருந்து பார்க்க வேண்டும்.

டீச்சர் பார்த்தார். "தலை தெரியுது!"

மச்சான் பார்த்தான். "டீச்சர், அது தலை இல்ல, கொடி. கொடியை எய்ய முடியாது."

"எனக்கா சொல்லித்தர்றே? மறுபடி பாருய்யா!"

"நீங்க மூடவேண்டிய கண்ணைத் திறந்து வச்சுப் பாக்கறீங்க!"

போருக்குள்ளே ஒரு போர்! நடுவராக யார் வந்தாலும் இருவரில் ஒருவர் ஒப்புக்கொள்ளவில்லை. நானும் முன்வந்தேன், இருவரும் ஒற்றுமையாக என்னைத் துரத்தினார்கள். அந்த நேரத்தில் கதவு திறந்தது. தலைவர். கையிலே பூட்டு. உள்ளங்கை கொள்ளாத பித்தளைப் பூட்டு!

எங்கள் நெஞ்சு நின்றது. ஆனால் டீச்சரின் வாய் நிற்குமா?

"சார், நல்ல நேரத்துல வந்தீங்க. இந்த ரூம்ல ரெண்டு கட்சியும் பிடிக்காத ஒரே ஆள் நீங்கதான். குனிஞ்சு பாத்துச் சொல்லுங்க. தெரியுதா, தெரியலையா?"

நடுநிலை என்று சொன்னால் எந்தத் தலைவர்தான் மறுப்பார்? குனிந்தார். பூட்டை மேஜையில் வைத்தார். கன்னத்தை மேஜையில் பதித்தார். ஒரு கண்ணை மூடினார். கணவாயைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மோட்டார்கூட மரியாதையாக மௌனம் காத்தது. அப்போது அவருடைய நாக்கு மெல்ல அசைந்தது. கீழ்வரிசையின் அந்த இடைவெளியைத் தடவிப் பார்த்தது.

"ஏம்ப்பா, இந்தச் சந்து எனக்கு ரொம்ப நாளாப் பழக்கமான சந்து மாதிரி இருக்கே?"

அதே நொடியில் படிக்கட்டில் தடதடவென்று பல்லக்கா. "யார்றா மேஜை மேல இருந்த அச்சைத் தூக்கினது? அது தலைவரோட வாய்டா! இன்னும் பல்லே கட்டல!"

ஐயோ! அறை போகிறது, மானம் போகிறது, பல்லும் போகிறது! மச்சான் பாய்ந்தான், மலையைப் பெயர்க்கக் கையை நீட்டினான். அப்போது ஒலித்தது ஒரு குரல். இடியா? முரசா? எரிமலையா? எங்கள் தலைவர்!

"கையை எடுய்யா! என் வாயை எவனும் தொடக் கூடாது. முதல்ல தீர்ப்பு!"

மறுபடியும் குனிந்தார். "தலை நல்லாத் தெரியுது. டீச்சர், அடிங்க!"

பகடை உருண்டது. தளபதி சாய்ந்தான். தலைவர் கைகொட்டினார். கேளுங்கள் தாய்மார்களே, யார்? பூட்டோடு வந்தவர்! "அடுத்து யார் முறை? அந்தக் குதிரைப்படை ஏன் சும்மா நிக்குது? என் கடைவாய்ப் பல்லைச் சுத்தி வரச்சொல்லு!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மச்சான் மெல்லக் கேட்டான்:

"சார், அச்சைக் கெடுத்துட்டேனே. வேணும்னா மறுபடி அளவெடுக்க..."

"அந்தப் பசையை இன்னொரு தடவை என் வாயில வைக்கச் சொன்னே, நான் வீட்டையே காலி பண்ணிட்டுப் போயிருவேன். போர் முடியட்டும். அக்கா சுரண்டி எடுத்துக்கட்டும்."

போர் முடிந்தது. பல்லக்கா காட்டை அழித்து, தேயிலையைத் துடைத்து, அந்த அச்சிலேயே பல் கட்டினார். முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு தலைவர் "வணக்கம்" என்றார்; எதிரே நின்றவர் மூக்கை உறிஞ்சி, "டீ போட்டாச்சா?" என்று கேட்டாராம். பொய்யா? அக்காவையே கேளுங்கள்!

போர் முடிந்த அன்று வீட்டுக்குப் புறப்படும்போது தலைவர் எதையோ தேடினார். பூட்டைத் தேடினார். பூட்டு எங்கே? எங்கள் அறையில் சும்மா வைத்த பொருள் சும்மா இருக்குமா? மச்சான் அதைக் கோட்டைச் சுவரில் வாசலாக ஒட்டி, துருவேறிய நிறம் தீட்டி, பக்கத்தில் இரண்டு காவலாளிகளையும் நிறுத்திவிட்டான்! தலைவர் கன்னத்தை மேஜையில் வைத்துப் பார்த்தார்.

"வாசல் நல்லாத்தான் இருக்கு," என்றார். "இருந்துட்டுப் போகட்டும். சாவி என்கிட்ட இருக்கட்டும். கோட்டைக்கு ஒரு காவல் வேணும்ல?"

எது குப்பை, என் சொந்தங்களே? உடைந்ததா குப்பை? தேய்ந்ததா குப்பை? தீர்ந்ததா குப்பை? குனிந்து பார்க்காதவன் கண்ணுக்குத்தான் குப்பை! கன்னத்தை மேஜையில் வைத்துப் பாருங்கள். செருப்பு வயலாகும், மாத்திரை அட்டை மாளிகையாகும், பூட்ட வந்த பூட்டே திறந்த வாசலாகும், அந்தப் பூட்டைக் கொண்டுவந்தவர் எங்கள் சேனாதிபதி ஆவார்! இன்றுமுதல் இந்தக் கட்டடத்தில் எந்தப் பொருளும் எங்கள் அறையைக் கடந்துதான் குப்பை வண்டிக்குப் போகவேண்டும் என்பது அவரே போட்ட உத்தரவு. அந்தத் தாடை மலையும் திரும்பி வந்துவிட்டது. அதே மேஜை, அதே கணவாய்.

இறுதியாக ஒரு விண்ணப்பம். தலைவர் அவர்களே, எழுந்து நின்று ஒருமுறை சிரித்துக் காட்டவேண்டும். கடைசி வரிசையில் இருப்பவர்களே, கொஞ்சம் குனியுங்கள், ஒற்றைக் கண்ணை மூடுங்கள். தெரிகிறதா? சத்தமாக!

"தெரியுது!"

தெரிந்தால் அடிக்கலாம் என்பது விதி. அடியுங்கள் கையை! இந்த மலையை எங்களுக்குத் தந்த வாய்க்கும், அந்த வாய்க்குப் பல் தந்த கைக்கும், இத்தனை நேரம் என்னைப் பொறுத்துக்கொண்ட உங்கள் காதுக்கும் என் நன்றி. மச்சான், ஜூஸ் குடித்த காகிதக் கோப்பைகளை யாரும் தூக்கிப் போடாமல் பார்த்துக்கொள். அவை அத்தனையும் கோபுரங்கள். வணக்கம்!