மெக்சிகன் ஓட்டலில் கை நனைத்தேன்

அந்த மெக்சிகன் ஓட்டலில் சாப்பாடு நன்றாக இல்லை என்பது உண்மைதான், இன்ஸ்பெக்டர் ஐயா. சோளமாவில் அப்பளம் மாதிரி ஒன்று, நமுத்துப்போயிருந்தது. தொட்டுக்கொள்ள, வேகாத தக்காளியை நசுக்கி வைத்திருந்தார்கள். ராஜ்மாவைக் கூழாக்கிச் சப்பாத்திக்குள் சுருட்டி, மேலே ஆறிப்போன சீஸ். நம் பக்கத்து நாக்குக்கு அது ஒத்துவராது. அதற்காக ஓட்டல்காரர் ஆறுச்சாமியை நேற்றிலிருந்து ஸ்டேஷனில் உட்கார வைத்திருப்பது நியாயமாகப் படவில்லை. ஈரோட்டில் துணி வியாபாரம் செய்துகொண்டிருந்தவர், ஆசைப்பட்டு இதை ஆரம்பித்திருக்கிறார். என் தங்கைக்கு நேர்ந்ததற்கும் அவர் சமையலுக்கும் சம்பந்தம் இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நான் தனபால். துடியலூரில் மோட்டார் பம்பு பட்டறை, பின்னால் கொஞ்சம் பருத்திக் காடு. அப்பாவும் அம்மாவும் போன பிறகு பிரவீனாவை வளர்த்தது நான்தான். அவளுக்கு ஒரு நல்லது நடக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று என் கல்யாணத்தைக்கூடத் தள்ளிப்போட்டேன். கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தாள். அங்கேதான் ஜெரோமும் வேலை பார்த்தான். எங்கள் காட்டுக்குத் தண்ணீர் கட்டிய மாசாணத்தின் மகன்.

எனக்குச் சாதி பார்க்கும் பழக்கம் கிடையாது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மாசாணம் அருமையான ஆள். இத்தனை வருசத்தில் ஒரு நாளும் எங்கள் வாசல்படி தாண்டி வந்ததில்லை. ஜெரோம் பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது சட்டைத்துணி எடுத்துக் கொடுத்தவன் நான்.

இருவரும் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகப் பிரவீனா சொன்னபோது நான் சத்தம் போடவில்லை. யோசிக்கிறேன் என்றேன். ஆனால் அவர்கள் போத்தனூரில் ரயில் ஏறிப் பெங்களூரில் பதிவுத் திருமணம் செய்துகொள்ள நாள் குறித்துவிட்டார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை, என்னை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள்.

"அவங்க ஊட்டுக்கு நீங்க வரமாட்டீங்க. நம்ம ஊட்டுக்கு அவரு வரமுடியாது. இது யாரோட இடமும் இல்லீங்ணா. ஆனா விருந்து அவரு வெக்கறது" என்றாள்.

அவள் கணக்கு எனக்குப் புரிந்தது. சம்பந்தம் முடிவாகாமல் அந்த வீட்டுச் சோற்றில் நாம் கை நனைக்கமாட்டோம். நனைத்துவிட்டால் சம்மதம். கம்ப்யூட்டர் படித்தும் அவளுக்கு இதில் நம்பிக்கை போகவில்லை. நான் வளர்த்த பெண் அல்லவா.

தலையில் பெரிய தொப்பியோடு வந்த சர்வரிடம் சாதம் உண்டா என்று கேட்டேன்.

"ரைஸ் இருக்குங்க சார். ரசந்தான் வராதுங்க."

"கேட்டீங்களா, ரசம் இல்லாட்டி எங்கண்ணனுக்கு அது சாப்பாடே இல்லீங்க" என்று பிரவீனா ஜெரோமைப் பார்த்துச் சிரித்தாள்.

தனித்தனி இலை, தட்டு எல்லாம் கிடையாது. நடுவில் ஒரே பெரிய தட்டு. மூன்று பேரும் அதிலிருந்தே எடுக்க வேண்டும். ஜெரோம் தன் கையால் ஒரு துண்டை எடுத்து என் முன்னால் வைத்தான்.

"சாப்புடுங்க மச்சான். காரம் கம்மிதானுங்க."

அதுவரை அவன் என்னைச் சின்னவருங்க என்றுதான் கூப்பிட்டு வந்தான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பிரவீனாவைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து வந்திருந்தால் மறுநாள் அவள் ரயில் ஏறியிருப்பாள். பிறகு என்றைக்கும் என் கைக்கு எட்டமாட்டாள். அதனால் சாப்பிட்டேன். அவன் வைத்ததை முழுவதும் சாப்பிட்டு, இன்னொன்றும் கேட்டு வாங்கினேன்.

அவள் கண் நிறைந்துவிட்டது. "அண்ணன் கை நனைச்சுப்போட்டாருங்க. இனி நாம எதுக்கு ஓடோணும்? ஊரறியவே பண்ணிக்கலாம்" என்று என் எதிரிலேயே அவனிடம் சொன்னாள். அவனும் தலையாட்டினான். பிறகு என் ஸ்கூட்டரில்தான் வீட்டுக்கு வந்தாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள்.

சாயங்காலம் வயிறு மந்தமாக இருக்கிறது என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. மோர் கரைத்தேன், இஞ்சி தட்டிப் போட்டு, பெருங்காயம் கொஞ்சம் தூக்கலாக. பருத்திக்கு அடிக்கும் மருந்து பட்டறையில் இருந்தது. அவள் டம்ளரில் மட்டும் கலந்தேன். கசக்கிறது என்றாள். "இஞ்சிக் காரம் அம்மணி, ஒரே மூச்சுல குடிச்சுரு" என்றேன். சின்ன வயதில் விளக்கெண்ணெய் கொடுக்கும்போதும் அப்படித்தான் சொல்வேன். என் பேச்சைத் தட்டமாட்டாள்.

ஆட்டோவில் கொண்டுபோகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தச் சாப்பாடு ஒத்துக்கலீங்ணா. நீங்களும் சாப்புட்டீங்களே, உங்களுக்கு ஒண்ணும் பண்ணலீங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். எனக்கு ஒன்றும் இல்லை கண்ணு என்றேன். ஓட்டல் சாப்பாடு என்று டாக்டரிடம் அவளேதான் சொன்னாள். நான் மறுக்கவில்லை. ஓட்டல் விஷயத்தில் நான் செய்த தவறு அது ஒன்றுதான். அதையும் இப்போது திருத்திவிட்டேன்.

ஜெரோம் பிணவறைக் கேட்டில் நிற்கிறானாம். அவனை ஒன்றும் செய்யாதீர்கள். அவனுக்கு யாரும் முறையை எடுத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான். முகம் பார்க்க வேண்டும் என்றால் தாராளமாகப் பார்க்கட்டும், எட்ட நின்று. உடலை மட்டும் அவன் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் ஐயா. நாளைக்கு அவளுக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாது.