மதகுக்கு இந்தப் பக்கம்

வயதானவர்களை வேனில் ஏற்றும்போது முதலில் அவர்களுடைய கைத்தடியை வாங்கிக்கொள்ள வேண்டும், சேர். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் ஆளைத்தான் பிடிப்பார்கள். அது தவறு. தடி கையில் இருக்கும்வரை அவர்கள் அதைத்தான் நம்புவார்கள். ஈரப் படியில் ஊன்றுவார்கள், வழுக்கும். தடியை வாங்கிவிட்டால் வேறு வழியில்லாமல் நம்முடைய தோளைப் பிடித்துக்கொள்வார்கள். ஏறுவது சுலபமாகிவிடும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தது.

என் பெயர் கோகுலராஜ். நோர்வூட் கடைத்தெருவில் எங்கள் குடும்பத்துக்குப் புடவைக்கடை இருக்கிறது. அண்ணன் பார்க்கிறார், அவருடைய மகன்கள் பார்க்கிறார்கள். நான் போய்க் கல்லாவில் உட்கார்ந்தால், "நீங்க வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க சித்தப்பா, நாங்க பார்த்துக்குறோம்" என்பார்கள். மரியாதையாகத்தான் சொல்வார்கள். நான் இல்லாமலே கடை நன்றாக நடக்கும் என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஹட்டனில் ஓர் அறக்கட்டளை தேயிலைத் தோட்டத்து முதியவர்களுக்கும் உடம்பு முடியாதவர்களுக்கும் இலவச வேன் விடத் தொடங்கியபோது, அதை ஒழுங்குபடுத்த ஆள் தேடினார்கள். நான் போனேன். போக்குவரத்து இணைப்பாளர் என்று கழுத்தில் அட்டை மாட்டிவிட்டார்கள்.

வேலை சின்னதுதான். யாருக்கு என்றைக்குக் கிளினிக், யார் வங்கிக்குப் போய்க் கைவிரல் வைக்க வேண்டும், யாரை லயத்து வீட்டு வாசலிலிருந்து தூக்கி வர வேண்டும், யார் தாமாகவே கோவிலடிவரை நடந்து வருவார்கள் என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். டிரைவர் நிரோஷன் நல்ல பிள்ளை, சொன்னதைச் செய்வான். என் போன் விடிந்ததிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கும். "ஐயா, நாளைக்கு வேன் வருமா ஐயா?" "ஐயா, என்னை விட்டுட்டுப் போயிராதீங்க ஐயா." குளிக்கப் போனாலும் போனைச் சோப்புப் பெட்டி பக்கத்தில் வைத்துக்கொள்வேன். சலிப்பாக இல்லையா என்று அண்ணி கேட்பார். நான் சலித்துக்கொள்வது போல முகத்தை வைத்துக்கொள்வேன்.

நாங்கள் போன தோட்டங்களிலேயே கடினமானது வெள்ளோடைத் தோட்டத்தின் மேல்பிரிவு. ஃபேக்டரியைத் தாண்டி மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் பாதை. கடைசி வளைவுக்கு முன் ஓடைக்கு மேலே பாதையைத் தாங்கும் ஒரு மதகு. வெள்ளைக்காரன் காலத்துக் கல்கட்டு. அதற்கு அப்பால்தான் லயங்கள். நாகலெட்சுமி அங்கேதான் இருந்தார்.

அவர் கொழுந்து எடுத்தவர். மழையில் கொழுந்துச் சாக்கோடு சரிவில் விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. கணவர் அதற்கு முன்பே இல்லை. சக்கர நாற்காலியை அறக்கட்டளைதான் கொடுத்தது, கையெழுத்து வாங்கியது நான். அவரைத் தூக்கி வேன் சீட்டில் வைப்பதை நான் நிரோஷனிடம்கூட விட்டதில்லை. இடது கையை முதுகுக்குக் கீழேயும் வலது கையை முழங்காலுக்குக் கீழேயும் கொடுத்து ஒரே மூச்சில் தூக்க வேண்டும். ஒருநாளும் அவருக்கு வலித்ததில்லை. நன்றி சொன்னதும் இல்லை. வாய் கொஞ்சம் நீளம்.

ஒருநாள் போனில், "ஐயா, வெள்ளிக்கிழமை என்னை டவுனுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

"கிளினிக்கா?"

"இல்லீங்க. சும்மாதான். வடை சாப்பிடணும், நாலு கடையைப் பார்க்கணும்."

"வேன் அவசியமான பயணத்துக்கு மட்டுந்தாம்மா. சும்மா போறதுக்கு இல்ல."

"அப்ப நோய் வந்தாத்தான் நாங்க டவுனைப் பார்க்கலாமா? நல்லா இருக்கே உங்க சட்டம்."

அது என் சட்டம் இல்லை, அறக்கட்டளையின் விதி என்று பொறுமையாக விளக்கினேன். உண்மையில் அப்படியொரு விதி எழுத்தில் இல்லை. ஆனால் இருந்திருக்க வேண்டிய விதி அது. ஆளாளுக்கு நினைத்த நேரம் நினைத்த இடத்துக்குப் போனால் ஒழுங்குபடுத்துவதற்கு என்ன இருக்கிறது?

அவர் அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மேல்பிரிவுக்கு முன்னொரு காலத்தில் பஸ் வந்தது, நின்று போயிருந்தது. அதைத் திரும்ப விடச் சொல்லி டிப்போவுக்குப் போன் செய்தார், பிரதேச சபைக்குப் போன் செய்தார். சிங்களம் நன்றாகப் பேசுவார். லயத்து ஆட்களை எல்லாம் சேர்த்துக்கொண்டு நாற்காலியோடு ஃபேக்டரிச் சந்திக்கே இறங்கி ஆர்ப்பாட்டம் செய்தார். கிளினிக்குக்குப் போகிற நாளில் எங்கள் வேனில் உட்கார்ந்துகொண்டே டிப்போக்காரரிடம் போனில் சண்டை போட்டார். அதையும் நான் பொறுத்துக்கொண்டேன். தைப்பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில் பஸ் வந்தது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

நான் எதிர்க்கவில்லை. முதல் நாள் நானே மாலை வாங்கிக்கொண்டு போய் பஸ்ஸின் முகப்பில் போட்டேன். படம்கூட இருக்கிறது.

அடுத்த செவ்வாய்க்கிழமை வேனோடு மேல்பிரிவுக் கோவிலடியில் நின்றோம். யாரும் வரவில்லை. நிரோஷன் இரண்டு தடவை ஹார்ன் அடித்தான். பிறகு, "அண்ணே, எல்லாரும் காலை பஸ்ஸிலயே போயிட்டாங்களாம்" என்றான். நான் கொஞ்ச நேரம் இருப்போம் என்றேன். மூடுபனி இறங்கி, விலகி, திரும்ப இறங்கியது. நாய் ஒன்று வந்து வேனுக்குள் எட்டிப் பார்த்தது.

போன் அடிப்பது குறைந்தது. சில நாட்களில் கெட்டுப் போய்விட்டதோ என்று அண்ணியின் போனிலிருந்து என் நம்பருக்கு அழைத்துப் பார்த்தேன். அடித்தது.

ஒரு சனிக்கிழமை நோர்வூட் பஸ் நிறுத்தத்தில் நாகலெட்சுமியைப் பார்த்தேன். பஸ் கண்டக்டர் ஒரு சிங்களப் பையன். அவரை அப்படியே அலாக்காகத் தூக்கி இறக்கினான். முதுகுக்குக் கீழே கையே கொடுக்கவில்லை. முறையே இல்லாத தூக்கு. அவர் அவனைத் தம்பி முறை வைத்து, "மல்லி, மெதுவா, மெதுவா" என்று சிரித்துக்கொண்டிருந்தார். என் வேனில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. கையில் வடைப் பொட்டலத்தோடு என்னைப் பார்த்து, "வாங்க ஐயா, சாப்பிடுங்க. சும்மா வந்தேன்" என்றார்.

நான் ஒரு வடை எடுத்துக்கொண்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்குக் கோபம் இல்லை. என் கவலை பாதுகாப்பைப் பற்றியது. பஸ் படி உயரம். முதியவர்களைப் பிடித்து ஏற்ற அங்கே ஆள் இல்லை. சண்முகவடிவு என்ற அம்மா, எழுபதைத் தாண்டியவர், ஆஸ்துமாக்காரர், பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் பிசகிவிட்டார். செய்தி கேட்டதும் பழம் வாங்கிக்கொண்டு முதலில் போய் நின்றவன் நான். "இனிமே வேன்லயே வாங்கம்மா" என்றேன். அவர், "பஸ்ஸில நாலு பேரோட பேசிக்கிட்டுப் போலாம் ஐயா" என்றார். கால் வீங்கியிருந்தது. அப்படியும் அந்தப் பேச்சு.

அதற்குள் அறக்கட்டளையில், மேல்பிரிவுக்குத்தான் பஸ் இருக்கிறதே, வேனைக் கந்தப்பளைப் பக்கம் அனுப்பலாமே என்று பேசத் தொடங்கியிருந்தார்கள். அங்கே வேறு இணைப்பாளர் இருக்கிறார்.

நான் முறைப்படிதான் நடந்தேன். மதகு பழையது, பஸ் பாரம் தாங்காது என்று வீதிக்குப் பொறுப்பானவர்களிடம் சொன்னேன். பொறியியலாளர் ஒருவர் வந்தார். இளைஞர். கீழே இறங்கிக் கல்கட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் நம் பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்கும் என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் கீழே இறங்கி நின்றபோது நானும் கூட நின்றேன். எந்தக் கல் எதைத் தாங்குகிறது என்று கேட்டேன். ஆர்வமாகக் காட்டினார்.

தென்மேல் பருவமழை பிடித்த வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் மதகுக்குப் போனேன். மலையில் வேலை இல்லை, பனி கவிழ்ந்திருந்தது. கல்லை நெம்ப அண்ணன் வீட்டு அலவாங்கைக் கொண்டுபோயிருந்தேன். பள்ளத்துப் பக்கத்துக் கற்களை மட்டும் எடுத்தேன். மலைப்பக்கத்தைத் தொடவில்லை. மேலே இருந்து பார்த்தால் பாதை பாதையாகவே இருக்கும். கீழே வெறும் மண். மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன். நினைத்ததைவிடச் சிரமமான வேலை, சேர். இரண்டு நாள் முதுகை நிமிர்த்த முடியவில்லை.

யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. ஓரம் கொஞ்சம் உள்வாங்கும், பஸ் டிரைவர் காலையில் பார்ப்பார், இனி வரமாட்டேன் என்பார். அவ்வளவுதான் என் கணக்கு. அவர் பார்க்காமல் விட்டால் என்று நீங்கள் கேட்கலாம். அதையும் யோசித்தேன். ஓரத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டலாமா என்றுகூட யோசித்தேன். கட்டினால் யாருக்கோ முன்கூட்டியே தெரிந்திருக்கிறது என்றாகிவிடும். அதனால் கட்டவில்லை.

திங்களும் செவ்வாயும் பஸ் போய் வந்தது, செவ்வாய் இரவு முழுக்க மழை கொட்டியது. புதன்கிழமை பஸ் வரவில்லை. நோர்வூட்டிலேயே கிளட்ச் போய் நின்றுவிட்டது. முழு பஸ் ஆட்களும் அன்று தப்பினார்கள். முனியாண்டி சாமிதான் நிறுத்தினார் என்று இப்போது மேல்பிரிவில் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் ஆமாம் என்றேன். அப்படித்தானே இருக்க வேண்டும்.

அன்று காலை என் போன் அடித்தது. நாகலெட்சுமி. எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு.

"ஐயா, பஸ் வரலீங்க. சண்முகவடிவு அக்காவுக்கு மூச்சு வாங்குது, ரொம்ப மோசமா இருக்கு. வேனை அனுப்புங்க ஐயா."

"உடனே வர்றேம்மா. மதகுக்கு இந்தப் பக்கம் நிக்கிறோம். நீங்க அதுவரைக்கும் கொண்டாந்துருங்க."

"ஏன், லயத்துக்கு வராதா?"

"மழையில பாதை சறுக்குது. வேன் ஏறாது."

அவ்வளவு வேகமாக நான் வேட்டி கட்டியதில்லை. உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது. நிரோஷன், "அண்ணே, மதகைத் தாண்டிக்கூடப் போலாமே, பாதை நல்லாத்தானே இருக்கு" என்றான். நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினான்.

அந்தப் பக்கத்திலிருந்து வந்தார்கள். சண்முகவடிவு அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து இரண்டு ஆண்கள் தூக்கிக்கொண்டு மலைப்பக்கமாக வந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. நானே வாங்கி வேனில் உட்கார வைத்தேன். பின்னால் நாகலெட்சுமி, தன் சக்கரங்களைத் தானே தள்ளிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் சிங்களம் பேச ஆள் வேண்டுமே, அதற்காக.

மதகின் நடுவில் மழைநீர் அரித்த குழி இருக்கிறது. அதில் சக்கரம் மாட்டும் என்று அவர் எப்போதும் பள்ளத்துப் பக்க ஓரமாகத்தான் வருவார். முன்பு மழை நாளில் வேன் மதகோடு நின்றபோதெல்லாம் பார்த்திருக்கிறேன்.

வந்துகொண்டே, "என்னங்க ஐயா, கடைசியில உங்ககிட்டயே வந்துட்டோம் பார்த்தீங்களா" என்றார். சிரித்தார். கண்டக்டர் பையனிடம் சிரித்த அதே சிரிப்பு.

மலைப்பக்கமா வாங்கம்மா என்று ஒரு வார்த்தை. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் நிரோஷன் என் பக்கத்திலேயே நின்றான். ஏன் அண்ணே என்று கேட்பான். என்ன பதில் சொல்வது என்று யோசித்தேன். பதில் யோசிக்கத்தான் நேரம் எடுத்தது. சத்தம் பெரிதாக இல்லை. மண் சரியும் சத்தம், பிறகு நாற்காலி கல்லில் மோதும் சத்தம். அவர் கூப்பிடக்கூட இல்லை. கீழே இறங்கிப் பார்த்தபோது உயிர் இல்லை. நான்தான் தூக்கினேன். இடது கை முதுகுக்குக் கீழே, வலது கை முழங்காலுக்குக் கீழே.

சண்முகவடிவு அம்மா பிழைத்துவிட்டார். வார்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லாட்டி நான் இல்லீங்க ஐயா" என்று அழுதார். பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். மதகு உறுதி என்று சொன்ன இளைஞரைப் பதவியிலிருந்து இடைநிறுத்தியிருக்கிறார்கள். பாவம், கவனமாக இருந்திருக்கலாம். வேன் கந்தப்பளைக்குப் போகவில்லை. ஃபேக்டரிப் பக்கமாகச் சுற்றுப்பாதை ஒன்றை நானே கண்டுபிடித்திருக்கிறேன். இழவு வீட்டுக்கு நடக்க முடியாதவர்களை எல்லாம் அந்த வழியாகத்தான் கொண்டுபோனேன். ஒருவரையும் விடவில்லை. போன் இப்போது ஓயாமல் அடிக்கிறது. அதோ, நீங்கள் எடுத்து மேசையில் வைத்திருக்கிறீர்களே, இப்போதுகூட அடிக்கிறது. வெள்ளிக்கிழமை கிளினிக்குக்காக இருக்கும். யாராவது எடுத்துப் பேசினால் நல்லது.

நிரோஷனை நீங்கள் கேட்டீர்களாம், பாதை நன்றாக இருந்தும் வேனை ஏன் அங்கேயே நிறுத்தினாய் என்று. அவன் என்னைக் கேட்கச் சொல்லியிருக்கிறான். சரிதான், அவனுக்கு ஒன்றும் தெரியாது. கல்லை எடுத்தவன் நான். எடுத்தது தெரிந்தும் அவரை வரவிட்டவன் நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் இதையும் சேர்த்து எழுத வேண்டும், சேர். வேனை நிறுத்தியது பாதுகாப்புக்காகத்தான். எங்கள் சேவை தொடங்கிய நாளிலிருந்து ஒரு பயணிக்குக்கூட ஒரு கீறலும் பட்டதில்லை. நாகலெட்சுமி அன்று இன்னும் ஏறியிருக்கவில்லை.