மாமியார் வீட்டில் ஒரு காப்பி

செஞ்சியிலிருந்து தொண்டூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்தவர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்: “தொண்டூர் போயி மாமியார் கால்ல வுழுந்தாத்தான் எம்பொண்ணு போட்டோ எல்லாம் கெடைக்கும்.”

“இன்னா மச்சான் சொல்ற?”

“எல்லாத்தையும் வூட்டுல ஹார்ட் டிஸ்க் மாதிரி ஒரு ஸ்டோரேஜ் பெட்டியில வச்சிருந்தேன். இடி இறங்கி எரிஞ்சிடுச்சு. இப்படி எதனா ஆவும்னுதான் மாமியார் வூட்லயும் ஒரு பெட்டி வச்சேன். இங்க இருக்கறது நெட்ல தானா அங்க காப்பி ஆயிடும்.”

“அப்ப எடுத்துக்க வேண்டியதுதானே?”

“பொண்ணு பொறக்கறதுக்கு முன்னாடி, அந்தப் பெட்டியை ஈரத்துணியால தொடச்சாங்கன்னு மாமியாரை ஒரு வார்த்தை சொல்லிட்டேன். அதோட பேச்சு நின்னுபோச்சு.”

அப்போது அவருக்கு மனைவியிடமிருந்து போன் வந்தது. கேட்டு முடித்தவர் முகம் தொங்கிவிட்டது.

“நான் சொன்ன அன்னிக்கே மாமியார் அந்தப் பெட்டி பிளக்கைப் புடுங்கிட்டாங்களாம்.”

“நீ ஒரு தடவகூட செக் பண்ணலியா?”

“தானா ஆவுதேன்னு இருந்துட்டேன்.”

“அப்ப பொண்ணு போட்டோ?”

“எம்பொண்டாட்டி தெனமும் அவங்கம்மாவுக்கு அனுப்பிட்டு, தன் போன்ல அழிச்சிருக்கா. ஒண்ணு விடாம அவங்க போன்ல இருக்குதாம்.”

“அப்புறம் இன்னா கவலை?”

“போன்ல எடம் இல்லியாம். இன்னிக்கு மத்தியானம் உக்காந்து அழிக்கப் போறேன்னாங்களாம்.”

தொண்டூருக்கு இன்னும் தூரம் இருந்தது. அவர் எழுந்து போய்ப் படிக்கட்டில் நின்றுகொண்டார்.