ஊதிப் பார்த்த கையுறைகள்

ஹலோ... ஆமா, நான்தான். லேப் வராந்தா ஃபோன்லேர்ந்து பேசறேன்... அதெல்லாம் அப்புறம். பாப்பா எங்க?... உங்க தோள்லயா? தூங்குறாளா?... சரி. இல்ல, சரியில்ல. அவளக் கீழ விடுங்க... கீழ விடுங்கன்னா தொப்புன்னு போடச் சொல்லல, கட்டில்ல படுக்க வைங்க. அவ முகத்துல உங்க கை படக்கூடாது.

...வச்சாச்சா? முழிச்சிக்கிட்டாளா?... சரி, இப்ப சொல்றேன், கேளுங்க. நீங்க காலை ஷிப்ட் முடிச்சு லேப் வாசல் கேட் கிட்ட பாப்பாவ வாங்கிட்டுப் போனீங்கல்ல... ஆமா. நான் உள்ள வந்து உங்க மேசையில உக்காந்தேன். உக்காந்த கையோட கண்ணு ரெண்டும் கொட்ட ஆரம்பிச்சிடுச்சு. என்ன வேலை பாத்தீங்க காலையில?... சரியாச் சொல்லுங்க... பினாசில் புரோமைடு. கண்ணுல தண்ணி கொட்ட வைக்கிற அழுகுணிப் பொடி. அதான. நெனச்சேன்.

...கிளவுஸ் போட்டீங்க. தெரியும். அதத்தான் பாத்துட்டு வர்றேன். குடுவை காய வைக்கிற ஸ்டாண்டுல, ஒவ்வொரு முள்ளுலயும் ஒரு கிளவுஸ் தலைகீழாத் தொங்குது. அஞ்சு விரலும் விறைச்சுக்கிட்டு, மாட்டு மடி மாதிரி. கிட்டப் போனா ஒரே நாத்தம். வேர்வையும் மருந்தும் சேந்து ஊறுன நாத்தம். சீ... நீங்க என்ன சொல்றது, நான் மோந்தேங்க.

...கழுவித்தான் மாட்டுனீங்களா. எதால?... குழாய்த் தண்ணியில. அந்தப் பொடி தண்ணியில கரையுமா?... கேக்கறேன்ல, கரையுமா?... கரையாது. உங்களுக்கே தெரியுது. அப்ப என்னத்தக் கழுவுனீங்க, உங்க மனசாட்சியவா? வெளிப்பக்கம் இருந்தத உள்பக்கமும் பூசி விட்டு, மறுநாள் அதுக்குள்ளயே கைய நுழைச்சிருக்கீங்க. ஒரு தடவ போட்டா கழட்டி மூடுன டப்பாவுல போடணும். அவ்வளவுதான் அதோட ஆயுசு. ஒருத்தன் துப்புன பபிள்கம்ம எடுத்து வாயில போடுவீங்களா?... உங்க எச்சின்னாலும் எச்சிதாங்க.

...சிக்கனமா? யாருக்குச் சிக்கனம்? ஸ்டோர்ல டப்பா டப்பாவா அடுக்கி வச்சிருக்காங்க. ஒண்ணு கூட எடுத்தா உங்கள தூக்கில போடப் போறாங்களா?

ஒரு நிமிஷம். சூப்பர்வைசர் வர்றாரு, லைன்ல இருங்க... ஆமா சார். உங்களத்தான் தேடுனேன். அந்த மேசைப் பக்கம் யாரையும் விடாதீங்க சார். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். அந்தக் கதவுப் பிடியத் தொடாதீங்க, அவரு தொட்டிருப்பாரு... ஆமா சார், எங்க வீட்டுக்காரருதான். நான் கெளம்பணும் சார்.

...ஹலோ. இருக்கேன். இன்னொண்ணு கேக்கணும். அதுல ஒரு கிளவுஸ் மட்டும் பலூன் மாதிரி உப்பிக்கிட்டு இருக்கு, முடிச்சுப் போட்டு. எதுக்கு?... ஓட்டை இருக்கான்னு பாக்கறதுக்கா. எப்படி ஊதுனீங்க?... பம்ப்பா?... பம்ப் இல்லாம?...

வாயால.

...

ஒண்ணும் பேசாதீங்க. கேட் கிட்ட பாக்கறப்பவே உங்க உதடு தடிச்சிருந்துச்சு. என்னன்னதுக்கு எறும்பு கடிச்சுதுன்னீங்க. எந்த எறும்பு, லேப் கோட்டு போட்ட எறும்பா? அந்த உதட்டாலதான் அவ ரெண்டு கண்ணுலயும் முத்தம் குடுத்தீங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். எவ்வளவு அழகுன்னு வேற பாத்துட்டு நின்னேன்.

...பதறாதீங்க. பதறி ஒண்ணும் ஆகப் போறதில்ல. கிட்டப் போய்ப் பாருங்க. தொடாதீங்க, பாருங்க மட்டும்... என்ன?... தூக்கத்துல கண்ணக் கசக்குறாளா? எப்பலேர்ந்து?... வந்ததுலேர்ந்தா? தூக்கம் வந்துதான் கசக்குறான்னு நெனச்சீங்களா... அது என்ன சத்தம்?... அழறா. கேக்குது. கேக்குதுங்க.

சரி. இப்ப நான் சொல்றத மட்டும் செய்யுங்க. சொந்த மூளை வேணாம். எதிர்வீட்டு அக்காவக் கூப்பிடுங்க... ஆமா, சத்தமாக் கூப்பிடுங்க, மானம் போனாப் போவுது. உங்க கையால அவளத் தூக்கக்கூடாது, அதுக்குத்தான்... வர்றாங்களா? நல்லது. அதுக்குள்ள சட்டையக் கழட்டுங்க. தலை வழியா உருவாதீங்க, பட்டனத் தொறந்து கழட்டுங்க. ஒரு பையில போட்டு வாயக் கட்டி வெளிய வைங்க. கைய முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுத் தேயுங்க. மூஞ்சியையும்... அந்த உதட்டையும்தான். நல்லா அழுத்தித் தேயுங்க.

...அக்காவா? ஸ்பீக்கர்ல போடுங்க. குழாய்க்குப் பக்கத்துல வைங்க... அக்கா, நான்தான். ஆமாக்கா. ஒண்ணும் பயப்படாதீங்க. கண்ணுல மருந்துப்பொடி பட்டிருக்கு, வெறும் தண்ணியில கழுவணும்... அய்யோ, பால் வேணாம்க்கா. எண்ணெயும் வேணாம். அவ உள்ளங்கையத் தொடச்சுட்டு ஒரு துண்டுல கையோட சேத்து சுத்துங்க, இல்லன்னா மறுபடி கசக்குவா... ஆமா. தலையச் சாய்ச்சுப் புடிங்க. இமையப் பிரிச்சு, மூக்குப் பக்கத்துலேர்ந்து காதுப் பக்கமா தண்ணி ஓடணும். குழாய மெல்லிசாத் தொறங்க... நல்லா அழட்டும்க்கா. அழுதாலும் நல்லதுதான். கால் மணி நேரமாவது ஊத்தணும், நடுவுல விடாதீங்க.

பாப்பா... அம்மாடா. அம்மா இங்கதான் இருக்கேன். தண்ணிடா, தண்ணிதான்... சொன்னபடி கேக்கற கழுதையா நீ... ஆமாண்டா. ஆமா. கத்து, நல்லாக் கத்து. அப்பாவப் பாத்துக் கத்து.

...ரெண்டாவது கண்ணுக்கு மாத்துங்கக்கா. ஆமா. அதே மாதிரிதான்... தொறக்குறாளா? கொஞ்சமா?... சரி. சரி. ஊத்துங்க.

...அவரு என்ன பண்றாரு? ஏங்க, நீங்க எதுக்குக் கிட்ட வர்றீங்க?... உதவியா? ஒரு உதவியும் வேணாம், தள்ளி நில்லுங்க... கை படாம புடிச்சுக்கறீங்களா, எப்படி?... கிளவுஸ் போட்டுக்கிட்டா? எந்தக் கிளவுஸ்?

...சிங்க்குக்கு அடியில, நீல டப்பாவுல இருக்கறதா? அது நான் பாத்திரம் கழுவறதுக்கு நீங்க கடையில வாங்கிட்டு வந்தது... கடையிலதான வாங்குனீங்க?...

ஏங்க.

...கடையிலதான வாங்குனீங்க?

...

எவ்வளவு நாளா லேப்லேர்ந்து கொண்டு வர்றீங்க?... 'நல்லா இருக்கறதா பாத்து'ன்னா? ஊதிப் பாத்தா? அதையும் ஊதிப் பாத்துதான் கொண்டு வந்தீங்களா?... என் கை வறண்டு வெடிக்குதுன்னு அக்கறையா வாங்கிட்டு வந்தீங்கன்னு நான் அக்காகிட்டல்லாம் சொல்லிக்கிட்டேன். அத மாட்டிக்கிட்டுதாங்க நான் பாப்பாவோட பால் பாட்டிலக் கழுவுறேன். நிப்பிளுக்குள்ள விரல விட்டுத் தேய்ச்சுக் கழுவுறேன். தெனம்.

...கொதிக்க வச்சா? கொதிக்க வச்சா ஒண்ணும் ஆகாதா? அது கிருமியாங்க, கொதிச்சா சாகறதுக்கு?... மொதல்ல நான் ஷிப்ட்டுக்கு வர்ற நேரத்துக்கு மட்டும் பாட்டில் குடுத்துட்டு இருந்தோம். அப்பதான் அவளுக்கு வாயச் சுத்தி செவப்பாத் தடிச்சுது. டாக்டர் ஏதோ ஒத்துக்கலைன்னாரு. ஏதோன்னுதான் சொன்னாரு. வீட்டுக்கு வந்து நீங்க என்ன சொன்னீங்க?... ஞாபகம் இல்லையா? எனக்கு இருக்கு. 'உன் பால்தான் ஒத்துக்கல, நிறுத்திப் பாரு'ன்னீங்க. நிறுத்துனேன். மார் கட்டி, காய்ச்சல் வந்து, சுவத்துல தலைய முட்டிக்கிட்டு நிறுத்துனேன். அவ சட்டையப் புடிச்சு இழுக்க இழுக்க பாட்டில வாயில வச்சேன். அப்புறமும் கூடுச்சே தவிர கொறையல. எப்படிக் கொறையும்?

...மன்னிப்பெல்லாம் இப்ப வேணாம். எனக்கு உங்க குரலக் கேக்கவே அருவருப்பா இருக்கு. அக்காகிட்ட பேசணும். நீங்க பேசாதீங்க.

அக்கா... கேட்டுட்டீங்களா. சரி, கேட்டா கேட்டீங்க. கண்ணத் தொறந்தாளா?... செவப்பாத்தான் இருக்கும். உங்களப் பாக்குறாளா? விரலக் காட்டுனா பாக்குறாளா?... பாக்குறா. அப்பாடா... இன்னும் கொஞ்சம் ஊத்திட்டு, உங்க வீட்டுத் துண்டு எடுத்து சுத்திக்குங்க. எங்க வீட்டுதுல எதுவும் வேணாம். ஒரு வண்டியப் புடிச்சு கண் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்துடுங்கக்கா. நான் மருந்து பாட்டிலோட விவரத்தாள எடுத்துக்கிட்டு நேரா அங்க வர்றேன்... இல்ல, வீட்டுல இருக்கற அந்தப் பால் பாட்டில எடுக்காதீங்க. நிப்பிளையும் எடுக்காதீங்க. தொடவே தொடாதீங்க... பசிக்கும்தான். வழியில புதுசா ஒண்ணு வாங்கிக்குங்கக்கா... இல்லக்கா. எனக்கு இப்பப் பால் இல்ல.

...அவரா? வரட்டும். வண்டியில முன்னாடி உக்காரட்டும்... அழறாரா? அழட்டும். வழியில பாப்பாவக் குடுங்கன்னு கை நீட்டுவாரு. குடுக்காதீங்க... தெரியும்க்கா, அப்பாதான். குடுக்காதீங்க. வைக்கறேன்.