சுவிட்ச் சரியாகிவிட்டது என்று சொன்னவள்

என் பெயர், வயது, முகவரி ஆகியவை இந்தத் தாளின் தலைப்பில் எழுதப்பட்டுள்ளன. வாசித்துக் காட்டினார்கள், சரியாக இருக்கின்றன. தொழில் என்ற இடத்தில் எழுத்தர் 'இல்லத்தரசி' என்று எழுதியிருந்தார். வீட்டின் முன் அறையில் மிஷின் போட்டு முப்பது வருடமாகத் துணி தைத்து வருகிறேன் என்று நான் சொன்ன பிறகு அதை அடித்துவிட்டுத் 'தையல்' என்று எழுதினார். என் கணவரின் கண்ணில் ஏற்பட்ட காயம் தொடர்பாக என் மாப்பிள்ளை மீது என் மகன் கொடுத்த புகாரைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். யாரும் அழைக்கவில்லை. நானாகவே வந்தேன்.

மேற்படி முகவரியில் கீழ்த்தளத்தில் நானும் என் கணவரும், மாடியில் என் மகளும் மாப்பிள்ளையும் குடியிருக்கிறோம். என் கணவர் கணக்குத் தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்காலம் முழுவதும் மற்றவர்களின் பிழைகளைத் தேடிக்கொண்டிருந்ததால், தமக்குப் பிழை செய்ய நேரம் கிடைக்கவில்லை என்று நம்புகிறவர். மாப்பிள்ளை தொழிற்கல்லூரியில் மின்னியல் பாடம் நடத்துகிறார். பாடம் நடத்தாமல் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்க அவருக்கு வராது. இருவரும் நல்லவர்கள். இதை யாரும் கேட்கவில்லை, எழுதிக்கொள்ளும்படி நான்தான் சொன்னேன்.

கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை முதல்முறை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த அன்று மின்சாரம் போயிற்று. என் கணவர் ஃபியூஸ் கம்பியைக் கட்டினார். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "மாமா, இது கம்பி இல்ல, கயிறு. இவ்வளவு தடியா போட்டா வீடே எரிஞ்சாலும் ஃபியூஸ் போகாது" என்றார். சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள். அதன் பின்பு என் கணவர் சமையலறைக்கு வந்து, "இனிமே அந்த ஆளோட எனக்குப் பேச்சு கிடையாது. ஏதாவது இருந்தா நீயே சொல்லிக்கோ" என்றார். அதன் பின்பு மாப்பிள்ளையும் அதே சமையலறைக்கு வந்து, "மாமாவுக்கு என்மேல கோவம் போல. எதுவானாலும் உங்ககிட்டயே சொல்லிடறேன் அத்தை" என்றார். அன்று தொடங்கிப் பதினொரு வருடங்களாக இருவரும் ஒரே வாசலில் போய் வந்து, ஒரே தொட்டித் தண்ணீரில் குளித்து, ஒரு சொல்கூட நேராகப் பேசியதில்லை. எல்லாம் என் வழியாகவே போய் வந்தன.

அவற்றை நான் வந்தபடியே கொடுத்ததில்லை. தைத்த துணியைப் பிசிறு நறுக்காமல் யாரும் கொடுக்க மாட்டார்கள். என் கணவர், "அந்த மேதாவிகிட்ட சொல்லு, வண்டிய வாசலை அடைச்சு நிறுத்த இது அவன் அப்பன் கட்டின வீடு இல்லன்னு" என்பார். நான் மாடிக்குப் போய், "மாப்பிள்ளை, மழை வர்ற மாதிரி இருக்காம், வண்டிய ஓரமா விட்டுக்கச் சொன்னார் மாமா" என்பேன். மாப்பிள்ளை, "மாமா காலைல செருமற செருமல்ல தெருவே முழிச்சுக்குது" என்பார். நான் படி இறங்கி வருவதற்குள் அது, "இருமல் விடலையான்னு கேட்டார்" என்று ஆகியிருக்கும். இருவரும் எதுவும் சொல்லாத நாட்களிலும் நான் ஏதாவது சொன்னதுண்டு.

இதெல்லாம் வழக்குக்குத் தேவையா என்று அதிகாரி கேட்டார். தேவை என்றேன். இந்த வாக்குமூலம் அவர்கள் இருவருக்கும் தெரிய வருமா என்று நான் கேட்டேன். வழக்கு நடந்தால் இருவரும் படிப்பார்கள் என்றார். அவர்களுக்கு ஒருவர் மேல் ஒருவருக்கு மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச நல்லெண்ணம் முழுக்க நான் தைத்துக் கொடுத்தது. அது பிரிந்துவிடும். இருந்தாலும் தொடர்ந்து எழுதச் சொன்னேன்.

எங்கள் வீட்டுப் பின் அறையில் என் கணவர் பொழுதுபோக்குக்காக ஒரு சிறிய மில்லிங் மிஷின் வைத்திருக்கிறார். மேசை மேல் நிற்கும் அளவுதான். சுற்றும் கட்டரால் இரும்பையும் பித்தளையையும் சீவி எடுக்கும். பழையதாக வாங்கி, மோட்டாருக்குக் கம்பி மாட்டியது எல்லாம் அவரே. அதில் குளியலறைக் கதவுக்கு ஒரு கீல் செய்து வருகிறார். செய்யத் தொடங்கி இரண்டு வருடமாகிறது. கதவு இப்போது கயிற்றில் நிற்கிறது. கீல் கடையில் கிடைக்கும் என்ற செய்தி அவர் காதுக்குப் போகாமல் நான் பார்த்துக்கொண்டேன்.

மிஷினின் பக்கவாட்டில் கறுப்பு டப்பா போன்ற சுவிட்ச் ஒன்று இருக்கிறது. கைப்பிடி நடுவில் இருந்தால் மிஷின் நிற்கும். ஒரு பக்கம் திருப்பினால் கட்டர் முன்னோக்கிச் சுற்றும், மறுபக்கம் திருப்பினால் பின்னோக்கிச் சுற்றும். இடது பக்கம் ஃபார்வர்ட், வலது பக்கம் ரிவர்ஸ் என்று தகட்டில் பொறித்திருக்கிறது. என் கணவர் கம்பி மாட்டிய முதல் நாளே மிஷின் தகட்டுக்கு நேர்மாறாகச் சுற்றியது. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கம்பெனிக்காரன் தகட்டைத் தப்பா அடிச்சிருக்கான்" என்று முடிவு செய்தார். அன்றிலிருந்து ஆறு வருடமாக வலது பக்கம் திருப்பித்தான் வேலை செய்தார். தகட்டை அவர் பார்ப்பதில்லை, பார்த்தாலும் நம்புவதில்லை.

சென்ற மாதக் கடைசியில் சுவிட்சைத் திருப்பினால் மோட்டார் முனகியது, சுற்றவில்லை. என் கணவர் பெல்ட்டைக் கையால் தள்ளிவிட்டு ஓட்டினார். விரல் போய்விடும் என்று பயந்து, மாப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "அவன் தொட்டா இருக்கறதும் போயிடும். என்னவோ செய்" என்றார். நான் மாடிக்குப் போய், "உங்களைத் தவிர வேற யாராலயும் முடியாதுன்னு மாமா சொல்றார்" என்றேன். மாப்பிள்ளை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "மாமாவா சொன்னார்?" என்று இரண்டு முறை கேட்டார். பாதித் தட்டில் எழுந்து கை கழுவிக்கொண்டு கருவிப் பெட்டியோடு கீழே வந்தார்.

அது சனிக்கிழமை பிற்பகல். என் கணவர் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தார். நான் டார்ச் பிடித்தேன். மாப்பிள்ளை முதலில் பிளக்கைப் பிடுங்கித் தம் கண்ணெதிரே மேசையில் வைத்தார். அதன் பின்பு டப்பாவைத் திறந்து, கம்பிகள் இருந்தபடியே கைபேசியில் படம் எடுத்தார். அதன் பின்பு உள்ளே மின்சாரத்தைக் கடத்தும் செம்பு நாக்குகளைக் காட்டினார். கரி பிடித்திருந்தன. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, தளர்ந்துபோன ஸ்பிரிங் ஒன்றை மாற்றினார். வேலை நடந்த நேரம் முழுவதும் வகுப்பும் நடந்தது. "அத்தை, இந்த மோட்டாருக்குள்ள ரெண்டு சுருள். ஒண்ணு ஓட வைக்கும். இன்னொண்ணு எந்தப் பக்கம் ஓடணும்னு முதல்ல தள்ளிவிடும். தள்ளிவிடற சுருளோட கம்பி ரெண்டையும் இடம் மாத்தினா ஓட்டமே தலைகீழ்" என்றார். நான் எல்லா வகுப்புக்கும் தலையாட்டுவது போல் இதற்கும் ஆட்டினேன்.

அதன் பின்பு அவர் தள்ளிவிடும் சுருளின் சிவப்புக் கம்பியையும் மஞ்சள் கம்பியையும் பார்த்துச் சிரித்தார். உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "தகடு சரிதான் அத்தை. மாமாதான் மாத்தி மாட்டியிருக்கார். இப்படியே விட்டா நாளைக்குத் தகட்டை நம்பி யாராவது ஓட்டுவாங்க, கை போயிடும்" என்று சொல்லி இரண்டையும் இடம் மாற்றினார். கட்டரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தார். இடது பக்கம் திருப்பினால் முன்னோக்கிச் சுற்றியது. அதன் பின்பு அவர் என்னிடம் சொன்ன வார்த்தைகள் இவை: "மாமாகிட்ட மறக்காம சொல்லுங்க அத்தை. இனிமே இடது பக்கம்தான் ஃபார்வர்ட். ஆறு வருஷமா தப்பா ஓட்டியிருக்கார், கை பழைய பக்கம்தான் போகும். அவர் மெஷினைத் தொடறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க."

என் கணவர் திரும்பி வந்ததும் நான் சொன்ன வார்த்தைகள் இவை: "சுவிட்ச் சரியாயிடுச்சுங்க. நல்ல மிஷின்னு மாப்பிள்ளை சொன்னார்."

அவர் "ம்" என்றார். முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. அதைக் கெடுக்க வேண்டாம், சாப்பிட்ட பிறகு மற்றதைச் சொல்லலாம் என்று இருந்தேன். சாப்பிட்ட பிறகும் மனசுக்குள் பல விதமாகச் சொல்லிப் பார்த்தேன். எங்கே தொடங்கினாலும் அது 'நீங்கள் தப்பு' என்ற இடத்தில் போய் முடிந்தது. காலையில் நல்ல மனநிலையில் இருக்கும்போது சொல்லலாம் என்று படுத்துவிட்டேன்.

விஷயம் புரியாமல் விட்டுவிட்டேன் என்று நான் சொல்லப்போவதில்லை. தையல் மிஷினில் சக்கரத்தைப் பின்னால் சுற்றினால் நூல் சிக்கி ஊசி உடையும். தைக்கப் பழகுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதுதான். எனக்குப் புரிந்திருந்தது.

மறுநாள் காலை நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது என் கணவர் பின் அறைக்குப் போயிருக்கிறார். அவர் பின்னர் டாக்டரிடம் சொன்னபடி, வழக்கம்போல் வலது பக்கம் திருப்பினார். கட்டர் பின்னோக்கிச் சுற்றியதால் பித்தளையைச் சீவாமல் தேய்த்தது. சுவிட்ச் இன்னும் பலம் பெறவில்லை என்று நினைத்து, பித்தளையைக் கட்டரோடு இன்னும் அழுத்தினார். கட்டர் உடைந்து ஒரு துண்டு இடது கண்ணில் பட்டது. படிக்கும் கண்ணாடி நெற்றிக்கு மேல் ஏற்றி விட்டபடி இருந்தது. நான் சத்தம் கேட்டு ஓடியபோது முக்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டையின் மேல் பொத்தான் வரை ரத்தம் வந்திருந்தது. அவர் கத்தவில்லை. "சரியாயிடுச்சுன்னு சொன்னியே" என்று மட்டும் சொன்னார்.

மாப்பிள்ளை மாடியிலிருந்து வந்து, துண்டால் கண்ணைக் கட்டிக் காரில் ஏற்றினார். அவர் ஓட்டினார். நானும் என் கணவரும் பின்னால் இருந்தோம். வழியில் என் கணவர், "இன்னும் எவ்வளவு நேரம்னு கேளு" என்றார். மாப்பிள்ளை, "வந்தாச்சுன்னு சொல்லுங்க அத்தை" என்றார். ஒருவர் பேசியது மற்றவருக்கு நன்றாகக் கேட்டது. இருந்தாலும் இருவரும் நான் சொல்வதற்காகக் காத்திருந்தார்கள். "வந்தாச்சாம்" என்று சொன்னேன்.

கட்டு அவிழ்த்த பிறகுதான் பார்வை பற்றிச் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அதன் பின்பு வெளியூரில் இருக்கும் என் மகன் வந்து, மிஷினை ஓட்டிப் பார்த்து, முன்பு வலது பக்கம் திருப்பி ஓட்டியது இப்போது இடது பக்கம் ஓடுவதால் கம்பிகள் மாற்றப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தான். "பதினொரு வருஷத்துப் பகைம்மா, பழி வாங்கிட்டார்" என்று சொல்லி நேராக இங்கே வந்து புகார் கொடுத்தான். அதிகாரி எங்கள் வீட்டுக்கு வந்து, கம்பியை மாற்றிய விஷயத்தை மாமனாருக்குத் தெரிவித்தீர்களா என்று மாப்பிள்ளையிடம் கேட்டார். நான் அறை வாசலில் நின்றிருந்தேன். மாப்பிள்ளை என்னை ஒரு தடவை பார்த்தார். அதன் பின்பு, "இல்ல சார், சொல்லல. யார்கிட்டயும் சொல்லல. மறந்துட்டேன்" என்றார். எதையும் விளக்காமல் அவர் பேசி முடித்தது நான் கேட்டதில் அதுவே முதல் தடவை. அவரை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அவர் சொன்னது பொய். அவர் என்னிடம் சொன்னார். மறக்காமல் சொல்லும்படியும் சொன்னார்.

இன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் கணவர், "அவன் போலீஸ்கிட்ட என்ன சொன்னானாம்?" என்று கேட்டார். பதினொரு வருடத்தில் முதல் தடவையாக வந்தது வந்தபடி சொன்னேன். "உங்களுக்குச் சொல்ல மறந்துட்டேன்னு சொல்லியிருக்கார். அது பொய். இடது பக்கம்தான் ஃபார்வர்டுன்னு சொன்னார். நீங்க ஆறு வருஷமா தப்பா மாட்டியிருக்கீங்கன்னும் சொன்னார். நான்தான் உங்ககிட்ட சொல்லலை. இருமல் எப்படி இருக்குன்னு அவர் ஒரு நாளும் கேட்டதில்ல. அதுவும் நான்தான்" என்றேன்.

அவர், "எந்தக் கம்பி?" என்று கேட்டார். "சிவப்பும் மஞ்சளும்" என்றேன். கட்டில்லாத கண்ணை மூடிக்கொண்டு, விரலைக் காற்றில் இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தார்.

மாப்பிள்ளையிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். "நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நானே கேட்டுக்கறேன்" என்றார். இதை அவர் கோபத்தில் சொன்னாரா, வேறு விதமாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. முன்பென்றால் நல்ல விதமாகச் சொன்னார் என்று எடுத்துக்கொண்டு மாடி ஏறியிருப்பேன். இன்று அவர் சொன்ன வார்த்தைகளை மட்டும் இங்கே வைக்கிறேன்.

என் மாப்பிள்ளை மீது குற்றமில்லை. நான் சொன்னதை எழுத்தர் எழுதி வாசித்துக் காட்டினார். இரண்டு இடங்களில் நீளமாக இருக்கிறது என்று சுருக்கியிருந்தார். அவற்றை நான் சொன்னபடியே திரும்ப எழுதச் சொன்னேன், எழுதினார். இதில் எதையும் விடவில்லை, எதையும் சேர்க்கவில்லை, எதையும் மென்மையாக்கவில்லை. உண்மை.

(ஒப்பம்)