வெற்றிலை வைக்காத கூட்டம்

— கேட்டுக்கு வெளியவே நின்னு பேசு அம்மிணி. உள்ள வந்து உக்கோந்தயின்னா அப்பறம் நீ ஒறம்பரை ஆயிருவே. ஊடு தேடி வந்த ஒறம்பரைகிட்ட நான் கோவப்பட முடியாது.

— சரீங்க பெரீப்பா. உக்காரவும் வரலீங்க. ஒரு சேதி, அதைச் சொல்லிட்டுப் போயிர்றேன்.

— கூட்டத்துச் சேதிதானே?

— ஆமாங்க, கூட்டத்துச் சேதிதான். அது வந்துங்க...

— போன வாரமும் இப்படித்தான் இழுத்தே. பகுதி சபைக் கூட்டம், சனிக்கெழமை, வாங்கன்னு. அப்ப நான் என்ன கேட்டேன்?

— வெத்தலை பாக்கு எங்கேன்னு கேட்டீங்க.

— இன்னைக்குக் கைல இருக்குதா?

— இல்லீங்க.

— பொன்னாயி! பாத்தியா? நம்ம மஞ்சுளா மறுக்காவும் வெறுங்கைய வீசிட்டு வந்து நிக்குது.

— பாத்துட்டுத்தானுங்க இருக்கறேன். எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது, கண்ணாஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தது நீங்கதான். ஏஞ் சாமி மஞ்சுளா, வெயில்ல நிக்கறயே, சித்தெ மோராச்சும் குடிக்கறயா?

— வேண்டாமுங்க பெரீம்மா.

— மோரு அப்பறம், மொதல்ல முறை. அம்மிணி, முறைன்னு ஒண்ணு இருக்குது. மாரியம்மன் நோம்பிக்கு இந்தக் கருப்பண்ணன் தலைல பரிவட்டம் கட்டாம தேரு நகந்திருக்குதா? உங்கப்பனைக் கேட்டுப் பாரு.

— நகந்ததில்லீங்க. ஒரு வருசம் நீங்க குளிச்சுட்டு வார வரைக்கும் வெயில்ல வடத்தைப் புடிச்சுட்டு நின்னோம். எங்கப்பனுக்கு உள்ளங்காலு கொப்புளிச்சுப் போச்சு.

— நின்னீங்கல்ல? அதுதான் முறை. அம்மன் தேரே நிக்கறப்ப, நகராட்சிக் கூட்டம் நிக்காதா?

— தேருக்குக் கட்டை போட ஆளு இருக்குதுங்க. கூட்டத்துக்குக் கட்டை போட யாருங்க இருக்கறாங்க?

— ஏங் கண்ணு, பெரீப்பாவை உட்டா அதுக்கு வேற ஆளு வேணுமா?

— பொன்னாயி, நீ உள்ள போ.

— போறேங்க. போயிட்டு அங்கிருந்தே பேசறேன்.

— பேச்சு நல்லா வருது அம்மிணி உனக்கு. அதுக்குத்தான் உன்னைய வீதிக்கு ஒருங்கிணைப்பாளரா வெச்சிருக்காங்க போல. அப்படி என்னதான் வேலை அது?

— தண்ணி என்னைக்கு உடறாங்கன்னு கேட்டுச் சொல்றதுங்க. தெரு வெளக்கு எரியலீன்னா கம்பத்து நம்பரைச் சொல்லி ஆளு வரவெக்கறது. சாக்கடை அடைச்சா போன் பண்றது. குப்பைய மக்கறது, மக்காததுன்னு பிரிச்சுக் குடுக்கச் சொல்றது. சம்பளமெல்லாம் இல்லீங்க. விருப்பப்பட்டவங்க யாரு வேணும்னாலும் வந்து செய்யலாம்.

— யாரு வேணும்னாலும்! அதுலயே தெரியலையா அதோட தரம்? தலைவர்னு ஒரு பதவி வெக்கச் சொன்னேன். வெச்சாங்களா?

— தலைவர்னு யாரும் இல்லீங்க. எல்லாருஞ் சேந்து செய்யறதுங்க. உங்களுக்கும் ஒரு வேலை ஒதுக்கித்தானுங்க வெச்சோம். பொதுக்கொழாய்கிட்ட குப்பை பிரிக்கற எடத்தைப் பாத்துக்கறதுக்கு.

— குப்பை! நாச்சிமுத்து மகனுக்குக் குப்பை!

— அதுல என்னங்க கொறச்சல்? மக்கறது ஒரு பக்கம், மக்காதது ஒரு பக்கம். உங்களை எந்தப் பக்கம் போடறதுன்னுதான் அவங்களுக்கே கொழப்பம் வந்திருக்கும்.

— அம்மிணி, இவ பேச்சைக் கேக்காதே. நான் யாருகிட்டயும் போயி நிக்காமயே எங்க ஊட்டு வாசல்ல வெளக்கு எரியுது, பாரு. ரெண்டு மாசம் இருட்டாக் கெடந்துச்சு. நான் வாயத் தொறக்கலை. கருப்பண்ணன் ஊட்டு வாசல் இருட்டாக் கெடக்குதுன்னா அது நகராட்சிக்காரனுக்கே தெரியோணும். தெரிஞ்சுது. தானா ஏணியத் தூக்கிட்டு வந்தான்.

— தானா வரலீங்க பெரீப்பா. நாந்தான் கம்பத்து நம்பரை எழுதிட்டுப் போயிச் சொன்னேன்.

— நீ சொன்னதும் அவன் ஓடியாந்தது, அது யாரு ஊடுன்னு தெரிஞ்சதுனால.

— பின்னே! கம்பத்துல இவரு பேரை எழுதி, கூட ஒரு பரிவட்டத்தையும் கட்டியிருந்தா பல்பு இன்னும் பிரகாசமா எரியும்.

— பெரீப்பா, உங்களை அழைக்காம இல்லீங்க. குரூப்புல மொறையாத்தான் போட்டோம். கும்புடற கையெல்லாம் வெச்சு.

— பாத்தேன். மஞ்சக் கலர்ல ரெண்டு கை. யாரு கை அது? காமாலை வந்தவன் கும்புட்ட மாதிரி. அதுக்குக் கீழ என் தம்பி மகன் இளஞ்செழியன் கட்டை வெரலைத் தூக்கி வெச்சிருக்கான். எங்கய்யா காலத்துல எழுத்துத் தெரியாதவன்தான் கட்டை வெரலு வெப்பான். இவன் காலேசு போயிப் படிச்சுட்டு வெக்கறான்.

— அது சரின்னு அர்த்தமுங்க.

— அவன் சரின்னு சொன்னா அது எனக்குச் சரியில்லைன்னு அர்த்தம். கல்யாணப் பத்திரிகைல பெரியப்பன் எம்பேரைக் கீழ தள்ளிட்டு மாமனாரு பேரை மேல போட்டவன் அவன். அன்னிக்கே அந்த ஊட்டோட பேச்சு அத்துப் போச்சு. அவன் இருக்கற குரூப்புல எங்க ஊட்டுப் பேரு இருக்கலாமா? அதுதான் வெளிய வந்துட்டோம்.

— வந்துட்டோமா? போனு என்னுதுங்க. நான் அடுப்படில இருக்கறப்ப இவரு கண்ணாடிய மாட்டிட்டு எதையோ அமுக்கினாரு. ‘பொன்னாயி வெளியேறிவிட்டார்’னு வீதி முச்சூடும் சேதி போயிருச்சு. மறுநாளு கோழிப்பண்ணை சௌந்திரம் போன் பண்றா. நாந்தான் எடுத்தேன். ‘ஏனுங்க, பொன்னாயக்காளை எப்ப எடுக்கறாங்க’ன்னு எங்கிட்டயே கேக்கறா.

— கௌரவத்தோட வெளிய வந்தா நாலு பேரு பேசத்தான் செய்வாங்க.

— நேத்துப் பொழுதோட பெரீம்மா போனுக்குத் திருப்பித் திருப்பி அடிச்சனுங்க. கட் ஆயிட்டே இருந்துச்சு.

— நாந்தான் கட் பண்ணினேன். வெளக்கு வெச்சதுக்கப்பறம் ஊட்டுப் பொம்பளைக போன எடுக்கற பழக்கம் எங்க குடும்பத்துல இல்லை.

— நேருல வரலாம்னா, வெத்தலை இல்லாம இந்த வாசப் பக்கமே வராதேன்னு போன வாரமே சொல்லிட்டீங்க.

— சொன்னேன். அப்பறம் இன்னைக்கு மட்டும் எந்தத் தைரியத்துல வந்தே?

— இன்னைக்கு வேற மாதிரிங்க. அதைத்தான் மொதல்ல இருந்து சொல்ல...

— என்ன வேற மாதிரி? அதே வெறுங்கை, அதே கூட்டம். அம்மிணி, நீ எதுக்கு இப்படி நடையா நடக்கறேன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதே. பால்வாடிக்குத்தானே?

— ஆமாங்க. நம்ம வீதிக் கோடில இருந்து எடுத்து பைபாசுக்கு அந்தப் பக்கம் கொண்டு போறாங்க. எங்க இனியனுக்கு மூணு வயசுங்க பெரீப்பா. அவனை அங்க உட்டுட்டுத்தான் நான் தறிக்குப் போறேன். இனிமே லாரி போற ரோட்டைத் தாண்டிக் கொண்டு போயி உடோணும், மத்தியானம் தாண்டிப் போயிக் கூட்டிட்டு வரோணும். அதுவரைக்கும் தறிக்காரரு எனக்காகத் தறிய நிறுத்தி வெப்பாருங்களா? வேற ஆளைப் போட்டுக்குவாரு. நான் ஊட்டுல உக்காரோணும். என்னையாட்டம் இந்த வீதில எத்தனை பேரு!

— அதெல்லாம் நடக்காது. அந்த எடம் யாரு குடுத்தது? எங்கய்யா குடுத்தது. பலகைல எழுதியிருக்குது, படிச்சிருக்கறயா?

— ‘இவ்விடம் திரு. நாச்சிமுத்து அவர்கள் உபயம்.’ நான் மொத மொதல்ல எழுத்துக் கூட்டிப் படிச்சதே அந்தப் பலகையத்தானுங்க.

— அப்பறம் என்ன? குடுத்தவரு மகன் நான் குத்துக்கல்லாட்டம் உக்கோந்திருக்கறேன். நான் தலையாட்டாம ஒரு செங்கலைப் பேத்துருவாங்களா?

— குத்துக்கல்லு வாயத் தொறந்து பேசினாத்தானுங்க அது தலையாட்டலீன்னு ஊருக்குத் தெரியும்.

— பெரீம்மா சொல்றதுதானுங்க. எடம் குடுத்த குடும்பத்துல ஒருத்தரு எந்திரிச்சு, ஆட்சேபனைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாத் தீர்மானம் நின்னு போயிரும்னு நகராட்சி இஞ்சினியரம்மாவே சொன்னாங்க. நாங்க அத்தனை பேரும் கத்தினாலும் எடுபடாது. உங்க ஒரு வார்த்தை போதும். அதுக்குத்தான் போன வாரம் அத்தனை நேரம் கெஞ்சினேன்.

— கெஞ்சினே. அழைக்கலை. ரெண்டும் வேற வேற.

— சாமி, அந்த எடத்துல என்ன வரப் போவுதுன்னு இவருகிட்டச் சொன்னயா?

— எங்கீங்க சொல்ல உட்டாரு? வெத்தலை பாக்குலயே நின்னுட்டாரே.

— என்ன வரப் போவுது?

— பாதாளச் சாக்கடைக்கு மோட்டார் ரூமுங்க. ஊருக் கழிவுத் தண்ணியெல்லாம் அங்க வந்து சேருமாம். அங்கிருந்து ஏத்தி உடுவாங்களாம்.

— சாக்கடையா?

— ஆமாங்க.

— எங்கய்யா பேருப் பலகை?

— அதை எடுக்க மாட்டாங்களாமுங்க. எடம் குடுத்தவரு பேரை எடுத்தா மரியாதையில்லைன்னு, மோட்டார் ரூமு வாசலுக்கு மேலயே மாட்டிருவாங்களாம்.

— கேட்டீங்களா? நகராட்சிக்கு எம்புட்டு முறை தெரிஞ்சிருக்குது பாருங்க. எங்க மாமனாரு பேரு இனி ஊரு முச்சூடும் மணக்கும். பேத்தியப் பொண்ணு பாக்க வாரவங்களுக்கு அடையாளம் சொல்றதும் சுலபமாப் போச்சு. மூக்கைப் புடிச்சுட்டு நேரா வாங்க, மூக்குல இருந்து கைய எங்க எடுக்க முடியலையோ அதுக்கு எதுத்த ஊடுன்னு சொன்னாப் போதும்.

— பொன்னாயி.

— உள்ளதாங்க இருக்கறேன்.

— அந்த வெள்ளைச் சட்டை கஞ்சி போட்டிருக்குதா?

— எதுக்குங்க? வெத்தலைதான் இன்னும் வரலையே.

— கேட்டதுக்குப் பதிலு சொல்லு.

— உங்க கழுத்துக்குப் போட்ட அளவுக்குச் சட்டைக்குப் போடலீங்க. இருந்தாலும் வெறைப்பா நிக்கும்.

— அம்மிணி, நீ சின்னப் புள்ள. முறை தெரியாது. அது உன் தப்பில்லை, உங்கப்பன் சொல்லிக் குடுத்திருக்கோணும். போச்சாது, உடு. வெத்தலை பாக்கை இந்தத் தடவை நான் தள்ளி வெக்கறேன்.

— தள்ளி வெக்கறீங்களா?

— பெருந்தன்மையா உட்டுக் குடுக்கறேன்னு வெச்சுக்கோ. எங்க வம்சத்துல யாரும் செய்யாத காரியம். ஆனா மொத வரிசைல நடு நாற்காலி எனக்கு.

— நடு நாற்காலில உங்களுக்குன்னு துண்டு போட்டுத்தானுங்க வெச்சிருந்தேன்.

— பரவால்லையே! கொஞ்சம் முறை தெரிஞ்சுதான் இருக்கறே. அந்த இளஞ்செழியன் எனக்குப் பொறகாலதான் உக்கோரோணும். எங்க குடும்பத்துப் பேரைச் சொல்லி அவன் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

— நீங்க இருந்தா அவரு பேச மாட்டாருங்க.

— எப்படிப் பேசுவான்? நாக்கு எந்திரிக்குமா?

— நீங்க எந்திரிச்சா என்னங்க பெரீப்பா பேசுவீங்க?

— எச்சாப் பேச மாட்டேன். துண்டை ஒதறித் தோள்ல போட்டுட்டு, சுத்தி ஒரு பார்வை. ‘எங்கய்யா இதைக் குடுத்தது புள்ளைக உக்கோந்து படிக்கறதுக்கு. சாக்கடைக்கு எடம் வேணும்னா அவனவன் ஊட்டுக்குப் பின்னால இருக்கற பொடக்காளியக் குடுங்க. எங்க குடும்பம் சம்மதிக்கலை, எழுதிக்கோங்க.’ அவ்வளவுதான். சொல்லிட்டு உக்கோந்துருவேன். ஏன் பொன்னாயி, எப்படி இருக்குது?

— கல்யாணம் பண்ணுன நாளா இப்பத்தானுங்க உருப்படியா ஒண்ணு பேசியிருக்கறீங்க.

— நெம்ப நல்லாருக்குதுங்க பெரீப்பா.

— நல்லாத்தான் இருக்கும். பேசறது நாச்சிமுத்து மகன். ஏ அம்மிணி, என்ன கண்ணெல்லாம் கலங்குது?

— இந்தப் பேச்சைக் கேக்கோணும்னுதானுங்க வீதியே வாசலைப் பாத்துட்டு இருந்துச்சு.

— பின்னே, பாக்காதா? அழுவாதே. உன்ற பையன் நம்ம வீதிலயேதான் படிப்பான், அதுக்கு நானாச்சு. கேட்டைத் தொறந்து உள்ள வா சாமி, ஒறம்பரையாவே வா. பொன்னாயி, அந்த மோரை எடுத்துட்டு வா, நாளைக்கு வெள்ளென வெந்நி வெச்சிரு. கூட்டம் எத்தனை மணிக்கு அம்மிணி?

— உள்ள வரலீங்க பெரீப்பா. கவுன்சிலரு ஊட்டுல நாளைக்கு ஏதோ விசேசம்னு கூட்டத்தை இன்னைக்குக் காலைலயே வெச்சுட்டாங்க, அதைச் சொல்லத்தான் நேத்து அத்தனை தடவை போன் அடிச்சேன். இளஞ்செழியண்ணன் எந்திரிச்சு, ‘எங்க தாத்தா குடும்பத்துக்கு ஆட்சேபனை இல்லை’ன்னு சொல்லித் தீர்மானமும் ஆயிப் போச்சுங்க. நான் உங்களை அழைக்க வரலீங்க, எழவு சொல்ல வந்தேன்.