ஆக்சிஜன் சிவப்புதான்

எனக்குக் கோபமே வராது சார். வீட்டில் கேட்டுப் பாருங்கள், வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவன் என்பார்கள். அதைச் சொல்லிவிட்டுத்தான் அத்தான் விஷயத்துக்கு வர வேண்டும்.

அத்தான், அதாவது என் அக்கா வீட்டுக்காரர், மருந்து ஆய்வுக்கூடத்தில் மூலக்கூறுகளைப் பார்த்துக் கையெழுத்துப் போடுபவர். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. நான் அதே இடத்தில் இணையப் பக்கம் எழுதுபவன். பக்கத்துக்குள் ஒரு பெட்டி பதித்திருக்கிறேன். மூலக்கூறு அதில் சுழலும். எந்த மூலக்கூறு, எந்த அணுவுக்கு என்ன நிறம் என்பதையெல்லாம் பக்கம் மாறிகளாக, அதாவது சின்னச் சின்னக் குறிப்புகளாக, அனுப்பும், பெட்டி வரையும். பாவம், அதற்குச் சொந்தப் புத்தி கிடையாது.

பெட்டி ஓடிய அன்று அத்தான் எல்லார் முன்னாலும் என் தோளில் தட்டினார்.

"நம்ம மச்சினன் நல்லாவே கலர் அடிக்கிறான்ப்பா. அப்படியே வீட்டுச் சுவருக்கும் அடிச்சுக் கொடு மாப்ளே."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். உயிரைக் கொடுத்துச் செய்த வேலை சார், வலித்தது.

ஆகவே பக்கத்தின் நிரலில் ஒரு வரி சேர்த்தேன். பக்கத்துக்குள் நுழைந்திருப்பவர் அத்தான் என்றால், ஒவ்வொரு நாளும் முதல் தடவை திறக்கும்போது மட்டும் இரண்டு நிறங்களை மாற்றி அனுப்பும். சிவப்பாக இருக்க வேண்டிய ஆக்சிஜன் நீலமாகும், நீல நைட்ரஜன் சிவப்பாகும். பக்கத்தை மறுபடி திறந்தால் எல்லாம் ஒழுங்காகிவிடும். எங்கள் தொழிலில் யாரைக் கூப்பிட்டாலும், வந்தவர் முதலில் செய்வது பக்கத்தை மறுபடி திறப்பதுதான்.

"இங்க பாரு, நீலமா இருக்கு" என்பார் அத்தான். வந்தவர் ஒரு தட்டுத் தட்டுவார். "சிவப்பாத்தானே சார் இருக்கு?"

அத்தான் கண் டாக்டரிடம் போனார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றதும் இன்னும் பயந்துவிட்டார். பிறகு வேறு டாக்டர், மாத்திரைகள். சிக்னலில் சிவப்பா பச்சையா என்று அக்காவைக் கேட்டாராம். அன்றோடு கார் ஓட்டுவதை விட்டார். கையெழுத்துப் போடும் பொறுப்பையும் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அக்கா அழுதாள். எனக்கே மனசு கேட்கவில்லை, உட்கார்ந்து ஆறுதல் சொன்னேன்.

இப்போது தினமும் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறார்.

"நீ பாத்துச் சொல்லு மாப்ளே. உன்னைத்தான் நம்பறேன்."

பக்கத்தை மறுபடி திறந்து, "சிவப்புதான் அத்தான்" என்கிறேன். கவனியுங்கள், அவரிடம் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார். கலர் அடிக்கிறவன் என்று இப்போதெல்லாம் கேலி செய்வதில்லை.

அந்த வரியை நீக்கச் சொல்கிறீர்கள். நீக்கலாம், ஒரு நிமிஷ வேலை. ஆனால் நீக்கினால் அவர் என்னைக் கூப்பிடமாட்டார். இந்த நிலைமையில் மனிதரைத் தனியாக விடச் சொல்கிறீர்களா?